கணையத்தைத் தேடும் கேளா ஒலி

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் நின்றால் 11 நிலை இராஜகோபுரம் தெரியும், கருவறை தெரியாது. பிராகாரங்களைக் கடந்து உள்ளே செல்ல வேண்டும். மாணவ நண்பர்களே, நம் உடலில் கணையமும் அவ்வாறே இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அங்கே தோன்றும் கட்டி, பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படுகிறது.

நம் செவி விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே உணரும். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. வயிற்றின்மீது கருவியை வைத்து, விநாடிக்கு 20 முதல் 50 இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியைச் செலுத்துகின்றனர். உறுப்புகளில் பட்டுத் திரும்பும் எதிரொலி திரையில் படமாகிறது. நீர்க்கட்டி கருமையாகத் தோன்றும். கல் வெண்மையாகத் தோன்றி, பின்னே நிழல் வீழ்த்தும். ஆனால், குடற்காற்று ஒலியைத் தடுத்துவிட்டால் கணையம் தெரியாது.

1980ஆம் ஆண்டளவில் இதற்கு வழி பிறந்தது. வளையும் குழாயின் நுனியில் சிறிய ஒலிக்கருவியைப் பொருத்தி, வாய்வழியே இரைப்பைக்குள் செலுத்தினர். சுவருக்கு அப்பால் கணையம்! அண்மையிலிருந்து நோக்குவதால் சிறு கட்டியும் புலனாகிறது. எனினும், அழற்சியால் வந்த தடிப்பும் புற்றுநோயும் படத்தில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ஆகவே, படத்தைப் பார்த்தவாறே நுண்ணூசியால் உயிரணுக்களை எடுத்து ஆராய்கின்றனர்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், மது அருந்தாத இளைஞருக்குங்கூடக் கணையத்தில் கல் உண்டாகும் நோய் காணப்படுகிறது. அவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகுதி. ஆதலின், முதுகிற்குப் பரவும் மேல்வயிற்று வலி, காரணமற்ற மெலிவு, மஞ்சட்காமாலை இவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாடுங்கள். வேளையோடு தேடினால்தான் ஒலி கண்டு சொல்வது பயன்படும்.