குழுவில் நம் பிள்ளைக்கு ஒரு நாற்காலி

காலை நேரத்தில் திருமங்கலம் பக்கமிருந்து வரும் பேருந்துகள் பசுமலையில் நின்றால் கூட்டம் கூட்டமாகக் கல்லூரி மாணவர்கள் இறங்குகிறார்கள். அமெரிக்கன் கல்லூரிகூட 1881-ல் இந்தப் பசுமலையில் தொடங்கி, பிறகு நகருக்குள் இடம் மாறியதுதான். இறங்கும் பிள்ளைகளில் பலர், தங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வீட்டில் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "வாத்தியார் சொல்றதக் கேட்டு நட, எந்த வம்புக்கும் போகாதே." இந்த அறிவுரைக்குள் இருக்கும் பயம் நம் தெருக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் உதவித்தொகை வராதபோதும், சான்றிதழைத் தராமல் இழுத்தடிக்கும்போதும் அலுவலக ஜன்னலுக்கு வெளியே தலைகுனிந்து நிற்க வைப்பதும் இதே பயம்தான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் பெண் ஒருவரும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற பிற்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் கட்டாயம். கூடுதல் கட்டணம், சான்றிதழ் மறுப்பு, உதவித்தொகைத் தாமதம், சாதிப் பாகுபாடு ஆகிய எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகலாம். புகார் வந்த 15 வேலை நாளில் குழு அறிக்கை தர வேண்டும். அதில் நியாயம் கிடைக்கவில்லையென்றால் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு உண்டு.

அதே குழுவில் மாணவருக்கும் ஓர் இடம் இருக்கிறது, சிறப்பு அழைப்பாளராக. மாணவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மதிப்பெண், விளையாட்டு, கலைத் திறன் பார்த்து நிர்வாகமே நியமிக்கிறது. விருந்தாளியாக உட்கார்பவர் வீட்டுக்காரரிடம் எவ்வளவுதான் பேச முடியும்? முதல் மதிப்பெண் எடுத்தவரைக் குறை சொல்லவில்லை. விடுதிச் சோற்றையும் கட்டணச் சீட்டையும் அறிந்த பிள்ளைக்கு அந்த நாற்காலி கிடைக்கிறதா என்பதே நம் கேள்வி.

பாடத்திட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். தன்னாட்சிக் கல்லூரியில் என்ன கற்பிப்பது என்று முடிவு செய்யும் பாடத்திட்டக் குழுவில் பேராசிரியர்கள், வெளி வல்லுநர்கள், தொழில்துறை ஆள், முதல்வர் நியமிக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் என்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்று அந்தப் பாடத்தைப் படிப்பவருக்கு இடமில்லை. அயோத்திதாசரையும் இரட்டைமலை சீனிவாசனையும் பாடமாக வைக்கச் சொல்லி அந்த அறைக்குள் யார் பேசுவது?

அறை கிடைக்காதவர்கள் வெளியே ஓர் இடத்தை உண்டாக்கியும் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-ல் மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கினார்கள். பெயரில்லாப் புகார் ஒன்றைத் தொடர்ந்து 2015 மே மாதம் நிர்வாகம் அதன் அங்கீகாரத்தை நீக்கியது. நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. ஜூன் 7-ல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. தனி ஒரு மாணவராக மனு எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா, சந்தேகம்தான்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பது பற்றிய 2012-ம் ஆண்டின் அரசாணை 92-ஐயும் இங்கே சொல்ல வேண்டும். குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்ட சலுகை அது. பசுமலைப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. "மதம் மாறினால் ஒன்றும் கிடைக்காது" என்று நம்பி வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஓர் அரசாணை எண் தெரிந்த மாணவர் வகுப்புக்கு ஒருவர் இருந்தாலே இந்தக் கடனில் பாதி மிச்சமாகியிருக்கும்.

கல்லூரி திறந்ததும் குறைதீர்ப்புக் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். மாணவர் பெயரைத் தனியாகக் கேளுங்கள். புகாரைக் கல்லூரியின் இணையதளம் வழியாகவே பதியலாம். தயக்கமாக இருந்தால் உங்கள் சார்பில் பேச இன்னொருவரை அழைத்துப்போகவும் விதியில் வழியுண்டு. தாளில் கொடுத்தால் நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள்; அந்த 15 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.