விண்ணிலிருந்து ஏலமலையின் குளிரை அளக்கலாமா?

விடியலில் அடிவாரத்துப் போடியில் ஜீப் ஏறி ஏலமலைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், மலைமேலுள்ள போடிமெட்டை எட்டுவதற்குள் காதை மூடிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,000 மீட்டர். மேலே போகப் போக, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் காற்று குளிர்கிறது. ஏலச்செடி பிழைப்பதே இந்தக் குளிர்ச்சியில்தான். 2024 கோடையில் அது பொய்த்து, மழையும் இல்லாமல் போனபோது, இடுக்கித் தோட்டங்களில் செடிகள் கருகின.

இந்தக் காற்றின் சூட்டை 36,000 கி.மீ. உயரத்திலிருந்து அளக்கிறது இந்தியாவின் இன்சாட்-3டிஆர் வானிலைச் செயற்கைக்கோள். 2016 செப்டம்பர் 8 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதிலுள்ள 'சவுண்டர்' கருவி காற்றைத் தொடுவதே இல்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு தன் சூட்டுக்கேற்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. 15 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிப் பார்த்தால் மிக உயரத்துக் காற்று மட்டுமே தெரியும். அதைவிட்டு விலக விலகக் கீழடுக்குகள் தெரியும். இப்படி 18 அகச்சிவப்பு அலைவரிசைகளில் பார்த்து, அடுக்கடுக்காக வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். காற்றை நேரில் அளக்க வானிலைத் துறை பலூன் விடும் கொச்சியும் திருவனந்தபுரமும் காரைக்காலும் ஏலமலைக்குத் தொலைவு. ஆகவே இந்தக் கணக்கு நமக்குப் பெரிய கொடை.

ஆனால் சவுண்டரின் ஒரு புள்ளி 10 கி.மீ. அகலம். போடிக்கும் மெட்டுக்கும் நேர்கோட்டுத் தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான்! வேர்க்கும் அடிவாரமும் நடுங்கும் உச்சியும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன. தென்மேற்குப் பருவமழையில் மேகம் மூடிவிட்டால் அகச்சிவப்புக் கருவிக்கு அதன் கீழே எதுவும் தெரியாது.

மேகத்தை ஊடுருவுவது மைக்ரோவேவ் எனும் நுண்ணலை. ஆக்சிஜன் வெளிவிடும் நுண்ணலைகளை 1978 முதல் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அளந்துவருகின்றன. உலகம் சூடாவதற்கான முக்கியச் சான்றுகளில் ஒன்று இந்தப் பதிவு. அதிலும் ஒருமுறை பிசகு நேர்ந்தது: செயற்கைக்கோள்கள் மெல்லத் தாழ்ந்ததால் வெப்ப உயர்வு குறைவாகத் தெரிந்தது. 1998இல் ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் அதைக் கண்டுபிடித்தார்கள். உலகச் சராசரிக்கு இந்தப் பதிவு போதும். தோட்டத்துக்குப் போதாது: இக்கருவிகளின் ஒரு புள்ளி 50 கி.மீ. அளவுக்கு விரிந்து, தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் ஏலமலையையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

நிழல் மரத்தடியில் ஏலச்செடி உணரும் சூட்டை அங்கேயே வைத்த தெர்மாமீட்டர்தான் சொல்லும். முந்தல் அடிவாரத்திலிருந்து மெட்டு வரை 200 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகத் தானியங்கி வானிலை நிலையங்கள் வேண்டும். தோட்டக்காரர் எப்போது தண்ணீர் பாய்ச்சுவது, எங்கே நிழலைக் கூட்டுவது என்று அவற்றின் அளவீடுகளைப் பார்த்து முடிவுசெய்யலாம். செயற்கைக்கோள் கணக்கு மலைச்சரிவில் எவ்வளவு விலகுகிறது என்பதையும் விஞ்ஞானிகள் சரிபார்க்கலாம்.