கழுகு வராத மலை: பல்லுயிர் பெருக்கம்னா என்ன, அது போனா நமக்கு என்ன?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

 

இன்னைக்கு ஒரு மலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போனால் திருக்கழுக்குன்றம். பேர்லயே கழுகு இருக்கு. அந்த மலைக்கோயிலில் பல தலைமுறைகளாக நடந்த ஒரு விஷயம் உண்டு. மதியம் உச்சி வேளையில் பூசாரி பாறை மேல் உணவோடு உட்காருவார். வானத்திலிருந்து இரண்டு கழுகுகள் இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். இதைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

என் பாட்டி சின்ன வயசுல அதைப் பார்த்தவங்க. "காசியிலேர்ந்து பறந்து வரும்டீ"ன்னு சொல்வாங்க. நான் ஸ்கூல் படிக்கும்போது என்னையும் படி ஏத்திக் கூட்டிட்டுப் போனாங்க. மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எதுவும் வரல. 1990களுக்குப் பிறகு அந்தக் கழுகுகள் வருவதே இல்லை என்று கீழே கடையில் சொன்னார்கள். பாட்டி "கலி முத்திப் போச்சு"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க.

எனக்கு அந்தப் பதில் போதல. பல வருஷம் கழிச்சுத் தேடிப் படிச்சேன். படிச்சப்போ புரிஞ்சது, பல்லுயிர் பெருக்கம்ங்கிற பெரிய வார்த்தையை விளக்க இதைவிட நல்ல கதை கிடைக்காதுன்னு.

முதல்ல, அந்த வார்த்தை

பல்லுயிர் பெருக்கம்னா "நிறைய மிருகம் இருக்கிறது"ன்னு நாம நினைச்சுக்கிறோம். அது பாதிதான். 1992இல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் கையெழுத்துக்கு வைத்த உடன்படிக்கை இதை மூன்று அடுக்காகச் சொல்கிறது.

ஒன்று, மரபணு அளவில். ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு. மாப்பிள்ளைச் சம்பாவும் சீரகச் சம்பாவும் ரெண்டும் நெல்தான், ஆனா ஒன்றல்ல.

இரண்டு, இன அளவில். காக்கா, பருந்து, கழுகு, நாய் என்று எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்பது.

மூன்று, சூழல் அமைப்பு அளவில். சோலைக்காடு, புல்வெளி, கழுவெளி, பவளப்பாறை என்று எத்தனை வகை வாழிடங்கள் இருக்கின்றன என்பது.

இது ஏதோ பரீட்சைக்குப் படிச்ச மாதிரி இருக்கும். இருக்கட்டும், கழுகுகிட்ட திரும்பி வருவோம். மூணும் தானா உள்ளே வரும்.

பாறு என்ன வேலை பார்த்தது?

நாம் பொதுவாகக் கழுகு என்று சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. வேட்டையாடும் கழுகு வேறு, செத்த விலங்கைத் தின்னும் கழுகு வேறு. இரண்டாவதுக்குப் பழைய தமிழ்ப் பேர் 'பாறு'. பிணந்தின்னிக் கழுகு என்ற பேரைவிட இது எவ்வளவு மரியாதையா இருக்கு பாருங்க. தமிழ்நாட்டில் முக்கியமாக நான்கு வகை உண்டு: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்துக்கு வந்தது மஞ்சள்முகப் பாறு.

ஒரு மாடு செத்தால் பாறுகள் கூட்டமாக இறங்கும். ஒரு மணி நேரத்துக்குள் எலும்பு மட்டும்தான் மிஞ்சும். அவற்றின் வயிற்று அமிலம் அவ்வளவு கடுமையானது. அழுகிய இறைச்சியில் இருக்கும் பல கிருமிகள் அங்கேயே செத்துப்போகும். இந்தியாவில் கால்நடைகள் கோடிக்கணக்கில். இறந்த மாடுகளில் பெரும்பாலானவற்றை யாரும் சாப்பிடுவதில்லை, ஊருக்கு வெளியே போட்டுவிடுவார்கள். நூற்றாண்டுகளாக அந்தக் குப்பையைச் சம்பளம் இல்லாமல் அள்ளிய துப்புரவுப் படை இதுதான்.

1980களில் வெண்முதுகுப் பாறு உலகிலேயே அதிக எண்ணிக்கையில் இருந்த பெரிய இரைகொல்லிப் பறவையாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அவ்வளவு சாதாரணம். யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கல.

ஆயிரத்தில் ஒன்று

1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் பறவையியலாளர் விபு பிரகாஷ் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். முன்பு கூட்டம் கூட்டமாக இருந்த பாறுகளைக் காணவில்லை. இருந்தவையும் கழுத்தைத் தொங்கப் போட்டபடி மரத்தில் உட்கார்ந்திருந்தன. பிறகு விழுந்து செத்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துபோனது. அதாவது ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

முதலில் எல்லோரும் ஏதோ வைரஸ் என்றுதான் நினைத்தார்கள். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததற்கான அடையாளம் அது. ஆனால் கிருமி எதுவும் சிக்கவில்லை. பாகிஸ்தானில் ஆய்வு செய்துகொண்டிருந்த லிண்ட்சே ஓக்ஸ் குழு வேறு மாதிரி யோசித்தது. பாறு சாப்பிடுவது மாட்டை. அப்போ மாட்டுக்கு நாம என்ன கொடுக்கிறோம்? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் விசாரித்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய, புதிதாகப் புழக்கத்துக்கு வந்த மருந்து ஒன்று மாட்டியது. டைக்ளோஃபெனாக்.

ஆமாங்க, முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் நாம போட்டுக்கிற அதே வலி மருந்துதான். 1990களில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் மாட்டுக்கும் போட ஆரம்பித்தார்கள். ஊசி போட்ட சில நாளில் மாடு செத்தால் மருந்து உடம்பில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறும் செத்துவிடும். 2004இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது.

இதில் என்னை அதிரவைத்தது ஒரு கணக்கு. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே போதும், இந்த அளவு அழிவு நடந்துவிடும். ஏன்னா ஒரு சடலத்துக்கு ஒரு பெரிய கூட்டமே வரும். அதோட பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஐந்து வருஷம் ஆகும். செத்த வேகத்துக்குப் பிறப்பு ஈடுகொடுக்க முடியவில்லை.

திருக்கழுக்குன்றத்து ஜோடி மறைந்ததற்கும் இந்த மருந்துதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல வரல. ஆனா அதே காலகட்டத்தில் நாடு முழுக்க இவை ஓசையில்லாமல் விழுந்துகொண்டிருந்தன.

ஒரு வேலையாள் போனா இன்னொருத்தர் வருவாங்கல்ல?

நியாயமான கேள்வி. வந்தாங்க. நாய் வந்தது. பாறு தின்ற இறைச்சியைத் தெருநாய்கள் தின்ன ஆரம்பித்தன, பெருகின. ஆனால் நாய் அவ்வளவு வேகமாக, அவ்வளவு சுத்தமாகத் தின்பதில்லை. கிருமியையும் அழிப்பதில்லை. கூடவே வெறிநாய்க்கடி.

2024இல் ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாறுகள் முன்பு அதிகம் இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. ஒரு பறவை போனதுக்கு அஞ்சு லட்சம் மனுஷங்க. மும்பை பார்சி மக்களுக்கு இன்னொரு இழப்பு. இறந்தவர்களைப் பாறுகளுக்கு ஒப்படைப்பது அவர்கள் வழக்கம். பாறுகள் இல்லாததால் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை வைக்க வேண்டிவந்தது.

பல்லுயிர் பெருக்கத்தின் பாடம் இதுதான். ஒவ்வோர் இனமும் ஒரு வேலையைச் செய்கிறது. அந்த வேலையை அதே தரத்தில் செய்ய இன்னோர் இனம் இருக்கும்னு உத்தரவாதம் கிடையாது. இன்னொன்னு கேளுங்க. அமெரிக்காவில் இருக்கும் ஒரு வகைக் கழுகு இந்த மருந்தைப் பல மடங்கு தாங்குகிறது. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி, செய்யற வேலையும் ஒண்ணுதான், உடம்பு வேற. எது எதைத் தாங்கும்னு முன்கூட்டியே நமக்குத் தெரியாது. அதனாலதான் வகைகள் அதிகமா இருக்கணும்.

காப்பாத்துறதுன்னா எப்படி?

பாதுகாப்பில் இரண்டு வழி உண்டு. இருக்கும் இடத்திலேயே காப்பது, வெளியே கொண்டுவந்து காப்பது. பாறு விஷயத்தில் இரண்டும் நடந்தது. ஹரியானாவின் பிஞ்சோரில் ஒரு மையத்தில் பாறுகளை வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அந்த மையத்தின் பேர் ஜடாயு. எண்ணிக்கை ரொம்பக் குறைஞ்சா நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து மரபணு வளம் சுருங்கும். அதனால் எந்தப் பறவையை எதோடு ஜோடி சேர்ப்பது என்பதுகூட முக்கியம்.

ஆனால் வெளியே விஷம் இருக்கும்போது வளர்த்து விட்டு என்ன பயன்? அதனால் 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்டுபிடித்திருந்தார்கள். அப்படியும் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் மனிதர்களுக்கான ஊசிக் குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் கால்நடைத் தடை வந்தது.

நம்ம ஊர்ல இன்னும் பாறு இருக்குதா? இருக்கு. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளுக்கு நடுவில் ஓடும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில். ஆற்றங்கரையின் உயரமான நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. 2023 கடைசியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தபோது மொத்தம் 320 பாறுகள். மூணு மாநிலத்துக்கும் சேர்த்து, ஒரு கல்யாண மண்டபத்து டைனிங் ஹால்ல உட்கார வெச்சிடலாம்.

சித்தப்பாவும் நானும்

என் சித்தி கல்யாணமாகிப் போனது சத்தியமங்கலம் பக்கம். சித்தப்பா வீட்டில் நாலு மாடு. போன தடவை போனபோது ஒரு மாடு கால் வீங்கிப் படுத்திருந்தது. மாட்டுக் கொட்டகை மாடத்தில் சின்னச் சின்னக் குப்பிகள் ஏழெட்டு. லேபிளைப் படித்தேன். டைக்ளோஃபெனாக், மனுஷங்களுக்கானது.

நான் உடனே ஆரம்பிச்சுட்டேன், பாறு, தடை, சட்டம்னு. சித்தப்பா அமைதியா கேட்டுட்டுச் சொன்னார்: "கண்ணு, மாடு எந்திரிக்க மாட்டீங்குது. ராத்திரி பூரா கத்துது. டாக்டர் வர ரெண்டு நாளாகும்னாரு. நீ கழுகைப் பத்திப் பேசற. இங்க ஏது கழுகு?"

எனக்குப் பேச்சு வரல. அவர் மாட்டு மேல வெச்சிருக்கிற அக்கறையை நான் குற்றமாக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "மலைக்கு அந்தப் பக்கம்தான் சித்தப்பா மாயாறு. பாறு இரைக்காக நூறு கிலோமீட்டர்கூடப் பறக்கும்"னேன். இதே வேலையைச் செய்யும் வேறு மருந்து இருக்கு, பேரு மெலாக்சிகாம், டாக்டர்கிட்ட கேளுங்கன்னு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவரே போன் பண்ணி டாக்டரிடம் கேட்டார். மாடு எழுந்துருச்சு. மீதிக் குப்பிகளை அவர் தூக்கிப் போடல. "என் முட்டிக்கு ஆகும்"னு அலமாரில வெச்சுக்கிட்டார். அதுக்குத்தானே அது!

பாதுகாப்புன்னா காட்டுக்கு வேலி போடறது மட்டுமில்லை. வலியில் இருக்கும் மாட்டுக்காரருக்கு வேறு வழி கையில் கொடுக்கணும். அது இல்லாம தடை மட்டும் போட்டா, குப்பி மாடத்துல ஒளிஞ்சிருக்கும்.

"சிட்டில இருக்கிற நான் என்ன பண்ண?"

அடிக்கடி வரும் கேள்வி. மூணு விஷயம் சொல்றேன்.

ஊரில் மாடு வைத்திருக்கும் சொந்தக்காரர் இருந்தால் இந்த மருந்துப் பேச்சை எடுங்க. திட்டாம எடுங்க, நான் பண்ணின தப்பைப் பண்ணாதீங்க.

எண்ணுங்க. வருஷா வருஷம் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்குது. மொட்டை மாடியில் பதினைந்து நிமிஷம் நின்று பார்த்ததை இ-பேர்ட் செயலியில் பதிந்தால் போதும். பரத்பூரில் ஒருவர் தொடர்ந்து எண்ணியதால்தான் இந்த அழிவே தெரியவந்தது.

மூணாவது, 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர் பதிவேடு இருக்கணும். உங்க ஊர்ல இருக்கான்னு கேளுங்க. இதைப் பார்த்துக்கொள்ளும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் வேறெங்கும் இல்லை, நம்ம சென்னை தரமணியில்தான் இருக்கு.

பாட்டிக்கு இப்போ படி ஏற முடியாது. போன மாசம் இந்தக் கதையை முழுசா அவங்களுக்குச் சொன்னேன். கேட்டுட்டு, "அப்போ கலி இல்லையா, ஊசியா?"ன்னாங்க. "ஊசின்னா நிறுத்திடலாம் இல்ல?"ன்னு அடுத்த கேள்வி.

நிறுத்திடலாம் பாட்டி. அதான் முயற்சி பண்ணிட்டு இருக்கோம்.