கற்பவரைக் காக்கும் விமானம்

மிதிவண்டி கற்கும் சிறுவன் பத்து முறை விழுவான். முழங்காலில் சிராய்ப்போடு எழுந்துவிடுவான். விமானம் ஓட்டக் கற்பவருக்கு அந்த வசதி இல்லை. அவரும் தவறு செய்துதான் கற்க வேண்டும். ஆனால் விழக் கூடாது. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது? போர் விமானிகளுக்கான பயிற்சி விமானத்தை வடிவமைப்போர் முன் நிற்கும் கேள்வி இதுவே.

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதி வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. தாம்பரம் விமானப்படைத் தளத்தில், விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி நெடுங்காலமாக நடந்து வருகிறது. 2025 நவம்பர் 14 அன்று, பயிற்சிக்காகப் பறந்த பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 விமானம் ஒன்று திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி வெளியேறி உயிர் தப்பினார்.

சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட இவ்விமானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள் உள்ளன. முன்னே மாணவர், பின்னே, சற்று உயரத்தில், ஆசிரியர். இருவரிடமும் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. மூக்கில் புரொப்பெல்லர் என்னும் உந்துவிசிறி சுழல்கிறது. விசிறியைக் கண்டதும் இது பழங்காலத்து விமானம் என்று எண்ணிவிட வேண்டாம். அதைச் சுழற்றுவது ஜெட் விமானங்களில் உள்ளதைப் போன்ற சுழலி இயந்திரம். காற்றை உள்ளிழுத்து அமுக்கி, அதில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளை எரிக்கிறார்கள். சூடான வாயு சுழலியின் இதழ்களைத் தள்ளுகிறது. ஜெட் விமானத்தில் பின்னால் சீறும் வாயுவே உந்தித் தள்ளும். இங்கோ வாயுவின் ஆற்றலில் பெரும்பகுதி விசிறியைச் சுற்றச் செலவாகிறது. இதுவே டர்போப்ராப்.

ஜெட்டையே வைத்துவிடலாமே, விசிறி எதற்கு? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிலையாக உள்ள 10 கிலோ காற்றை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் தள்ளினால் கிடைக்கும் உந்தம் 1000 அலகு. செலவாகும் ஆற்றல் 50,000 ஜூல். 100 கிலோ காற்றை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் உந்தம் அதே 1000 அலகுதான். செலவோ 5,000 ஜூல் மட்டுமே! உந்தம் வேகத்தைப் பொறுத்தும், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தும் வளர்வதே காரணம். ஆகவே, மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளும் பெரிய விசிறியே சிக்கனமானது. ஒரே பாடத்தைப் பலமுறை பறந்து பழக வேண்டிய பள்ளிக்கு இச்சிக்கனம் மிக முக்கியம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இயந்திரத்தின் சுழலி நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். இரண்டரை மீட்டர் விட்டமுள்ள விசிறியை அவ்வேகத்தில் சுற்றினால் அதன் நுனி ஒலியைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்ல வேண்டியிருக்கும், விசிறி தாங்காது. எனவே பற்சக்கரங்களின் வழியாக வேகத்தைச் சுமார் 2000 சுற்றாகக் குறைக்கிறார்கள். அப்போது நுனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 260 மீட்டர். ஒலியின் வேகமான 340 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் பற்சக்கரப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இனி, மாணவர் செய்யக்கூடிய தவறுக்கு வருவோம். வேகம் குறைந்த நிலையில் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு விலகுகிறது, தூக்குவிசை சரிகிறது. ஓர் இறக்கையில் மற்றதைவிட மிகுதியாகச் சரிந்தால், விமானம் பம்பரம்போல் சுழன்றுகொண்டே இறங்கும். இச்சுழல் வீழ்ச்சியிலிருந்து மீள்வதற்கென்று ஒரு முறை உண்டு: இயந்திரத்தின் விசையைக் குறைத்து, சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாகச் சுக்கானை மிதித்து, பிடியை முன்னே தள்ள வேண்டும். இதை ஏட்டில் படித்தால் போதாது. ஆசிரியர் பின்னிருக்க, போதிய உயரத்தில், வேண்டுமென்றே சுழன்று மீண்டு பழக வேண்டும். ஆகையால் நல்ல பயிற்சி விமானம் சுழலில் சிக்கவும் வேண்டும். சொன்னபடி மீளவும் வேண்டும்.

இதை அமைப்பது எளிதன்று. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எச்டிடி-40 என்னும் டர்போப்ராப் விமானம் 2016 மே 31 அன்று முதன்முதலாகப் பறந்தது. சுழல் சோதனைகளுக்காக அதன் செங்குத்து வால் மாற்றியமைக்கப்பட்டது. கதவைக் கீலுக்கு அருகில் தள்ளுவதைவிட விளிம்பில் தள்ளுவது எளிதல்லவா? வாலும் அத்தகைய நெம்புகோலே. அதன் இடமும் பரப்பும்தான் சுழற்சியை நிறுத்தும் வலிமையைத் தீர்மானிக்கின்றன. இவ்வகையில் 70 விமானங்களுக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

எல்லாம் கைவிட்ட பின் எஞ்சுவது இருக்கை. முன்பு பயன்பட்ட எச்பிடி-32 விமானத்தில் 260 குதிரைத்திறன் கொண்ட பிஸ்டன் இயந்திரமே இருந்தது. விமானியை வெளியே வீசும் இருக்கை இல்லை. 2009இல் உயிர்கள் பலியான விபத்தை அடுத்து அவை பறப்பது நிறுத்தப்பட்டது. 2013இல் வந்த பிசி-7 மார்க் 2 விமானத்தில் 700 குதிரைத்திறன் கொண்ட டர்போப்ராப் இயந்திரமும், பிடியை இழுத்ததும் விமானியை மேலே வீசிப் பாராசூட்டை விரிக்கும் இருக்கையும் உள்ளன. ஆயினும் இருக்கை இருந்தால் மட்டும் போதாது. 2023 டிசம்பர் 4 அன்று தெலங்கானாவில் இதே வகை விமானம் விழுந்தபோது ஆசிரியர், மாணவர் இருவரும் உயிரிழந்தனர். திருப்போரூரில் விமானி பிழைத்தார். இருக்கை உதவுவதற்கு உயரமும் சில நொடிகளும் தேவை.

அந்தச் சில நொடிகளைச் சேர்த்துத் தருவதே இத்துறையில் இயற்பியலின் வேலை. உந்தம், நெம்புகோல், காற்றோட்டம் என்று நீங்கள் தேர்வுக்காகப் படிக்கும் பாடங்கள், வானில் ஒரு மாணவர் தவறு செய்யும் கணத்தில் அவருடைய உயிருக்கு அரணாக நிற்கின்றன.