பிரட்டுக்குப் போகாத பிள்ளைகள்

அந்தக் காலத்தில் விடியற்காலையில் தப்படித்தால் தோட்டம் எழும்பும். பெரியவர்கள் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு, கைப்பிள்ளைகள் பிள்ளைமடுவத்துக்கு, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் அரைப்பேருக்கு, அதாவது அரைக் கூலிக்கு, புல் வெட்டவோ கொழுந்து பறிக்கவோ. லயத்தில் மிஞ்சுவது வேலைக்கு முடியாத வயதானவர்களும், நடக்கவோ பேசவோ முடியாத பிள்ளைகளும்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவின் அடுப்புப் புகையில் ஓர் அப்பாயியும் ஒரு பேரப்பிள்ளையும் அந்தி வரை இருப்பார்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மலைகளில் எத்தனையோ பிள்ளைகளின் முழு வாழ்க்கையும் அவ்வளவாகத்தான் இருந்தது.

அப்படிப் பிள்ளையை லயத்தில் விட்டுப்போன தாய்மாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, விழாது; பேர் விழாவிட்டால் அரிசி இல்லை. தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் ஏற முடியாத பிள்ளையைத் தோட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை. லயத்து வாசலிலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஊமையன், நொண்டி, பைத்தியம் என்பதே அழைப்பு. அன்புள்ளவர்கள் ‘பாவம்’ என்றார்கள். பேச்சு வராத பிள்ளையைக் கோடாங்கியிடம் கொண்டுபோனார்கள், கறுப்புக் கயிறு கட்டினார்கள், முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டார்கள். எல்லாம் பாசத்தால் செய்தவை. பிள்ளையால் என்ன முடியும் என்று உட்கார்ந்து பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லாமல் போனது.

படிப்புக்கு வழி தேடினால் அது மலைக்கு வெளியேதான். காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கான இரத்மலானைப் பாடசாலை 1912இல் தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை வந்தது 1956இல். இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரத்தில் விடுதியில் விட்டுவர எந்தத் தோட்டத் தாய்க்குக் காசும் துணிவும் இருந்தது? போர்க்காலத்தில் வடக்கே போகும் பாதையும் அடைபட்டது. தோட்டத்துப் பாடசாலையோ ஓரறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. எழுபதுகளில் அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கும் வரை, நடந்து வரக்கூடிய பிள்ளைகளுக்கே அங்கே சரியான படிப்பு கிடைக்கவில்லை. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்த சமூகம் அது. ஆரோக்கியமான பிள்ளைக்கே பிறப்புச் சான்றிதழ் இல்லாத வீடுகளில், ஊனமுள்ள பிள்ளைக்காக எந்தக் கந்தோர் வாசலில் போய் நிற்பது?

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. இலங்கையில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமானது. அடுத்த ஆண்டு ருபெல்லாத் தடுப்பூசி வந்தது. பிறந்த பிறகு கால்களையும், கருவிலேயே காதையும் கண்ணையும் மூளையையும் தாக்கிய காரணங்கள் சில இப்படிச் சத்தமில்லாமல் விலகின. பிள்ளைமடுவம் சிறுவர் அபிவிருத்தி நிலையமானது. ஆயம்மா இருந்த இடத்துக்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வந்தார். தலை நிற்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதை மிட்வைஃப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். முன்பு அதைப் பிள்ளைக்கு நாலு வயதான பிறகு பக்கத்துக் காம்பராக்காரர்தான் சொல்வார்.

நுவரெலியாவில் 1987இல் தொடங்கிய மென்கஃபெப் அமைப்பை இங்கே சொல்லாமல் போகக் கூடாது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் அவர்களுடைய குடும்பத்துக்கும் சேர்த்தே பயிற்சி என்று அது தொடங்கியபோது, நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே கிடையாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பிறகுதான் வந்தது. ஊனத்தைக் காரணம் காட்டிப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது அது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது 2016இல். இன்று மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகு இருக்கிறது.

ஹட்டன் பக்கத்தில் அப்படியொரு அலகில் ஒரு காலைப்பொழுது இருந்தேன். டவுன் சின்ட்ரோம் உள்ள ஒன்பது வயதுப் பையன் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தான். விரல் நழுவுகிறது, நாடா அவிழ்கிறது, மறுபடி தொடக்கத்திலிருந்து. பொறுக்க மாட்டாமல் அம்மா குனிந்தார். ‘இருங்கம்மா, அவன் செய்வான்’ என்று டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது கோணல்மாணலாக விழுந்தது. டீச்சர் பெரிதாகக் கை தட்டவில்லை. அவன் பெயரைச் சொல்லி, ‘நேத்து நான்தான் ரெண்டாவது முடிச்சப் போட்டேன். இன்னைக்கு நீயே போட்டுட்ட’ என்றார். பையன் தன் சப்பாத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அடுத்த காலை எடுத்து முன்னால் வைத்தான்.

ஊக்கப்படுத்துவது என்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். அன்று எதற்கும் ‘பாவம்’. இன்று சில கூட்டங்களில், பிள்ளை மேடையேறி நின்றாலே ‘சூப்பர், சூப்பர்’ என்று ஆரவாரம். இரண்டிலும் பிள்ளை என்ன செய்தது என்று யாரும் பார்க்கவில்லை. நேற்று முடியாதது இன்று முடிந்திருக்கிறது என்று எடுத்துச் சொல்ல, நேற்றும் இன்றும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். தோட்டத்தில் நேரம் என்றால் கூலி.

ஆகவே மாறாதவற்றையும் சொல்ல வேண்டும். நாட்கூலி கூடியது உண்மைதான்: 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் மாதம் 10,000 ஆனது. கிடைக்கிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மேற்பிரிவு லயத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, ஓட்டோ பிடித்து, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ போய்வந்தால் அன்றைய பேரும் போகிறது, ஓட்டோக் கூலியும் போகிறது. மாதத்துக்கு எத்தனை நாள் ஒரு தாயால் முடியும்? அங்கே போனாலும் தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் மிகக் குறைவு. தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்குத் தமிழில் அல்லாமல் எந்த மொழியில் வாய் திறக்கக் கற்றுக்கொடுப்பது?

வீட்டையும் விட்டுவிட முடியாது. இந்திய உதவியில் ஏழு பேர்ச்சஸ் காணியோடு கட்டிய வீடுகளில் சமையலறையும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கின்றன. நடக்க முடியாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது, மழையில் லயத்துக் கழிப்பறை வரை பிள்ளையைத் தூக்கிப் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. சக்கர நாற்காலி கிடைத்தும், அது காம்பரா மூலையில் மடித்தபடியே கிடக்கிறது. வாசலைத் தாண்டினால் படிகள்.

கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்ந்தது. அந்த வயதுக்குப் பிறகு சப்பாத்து நாடா கட்டிய அந்தப் பையன் எங்கே போவான் என்று டீச்சரிடம் கேட்டேன். தொழிற்பயிற்சி நிலையங்கள் நகரத்தில் இருக்கின்றன, தங்கிப் படிக்க வேண்டும் என்றார். நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும், பிள்ளை காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் தூரத்தில், தமிழில் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிலையம் வேண்டும். தாய் பிள்ளையோடு வைத்தியசாலைக்குப் போகும் நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். கூட்டு ஒப்பந்தம், சம்பள நிர்ணய சபை என்று தொழிற்சங்கங்கள் பேச உட்காரும் அடுத்த முறை, கொழுந்தின் எடைக்கும் கூலிக்கும் பக்கத்தில் இந்த முழுப்பேர்க் கோரிக்கையையும் எழுதிக்கொண்டு போகட்டும்.