புட்டுக்குழலும் பொல்லாத வாத்தும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மலையேறும் பாதை, இலுக்கும்புரைப் பக்கம் இறங்குவதற்கு முன்னர் ரிவர்ஸ்டன் உச்சியைத் தொட்டுச் செல்கிறது. தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் அவ்விடத்தில் காற்றடிக்காத நாளைக் காண்பது அரிது. சென்ற பாடசாலை விடுமுறையின்போது உறவினர் குடும்பமொன்றுடன் அங்கு போயிருந்தோம். போய்ச் சேர்ந்ததும் மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் புலப்படவில்லை. பனி விலகும் வரையில் வண்டிக்குள்ளேயே இருப்பதென முடிவாயிற்று. பெரியவர்கள் தேநீர்க் குடுவையைத் திறந்தார்கள். உயர்தர வகுப்பில் படிக்கும் பையன், கனடாவிலுள்ள மாமன் அனுப்பிவைத்த கையடக்க விளையாட்டுக் கருவியை எடுத்தான்.

துப்பாக்கிச் சத்தத்தை எதிர்பார்த்திருந்த நமக்குக் கேட்டதோ வானொலிப் பாட்டும் பாத்திரங்களின் ஓசையும்! எட்டிப் பார்த்தால், திரையிலே ஓர் அடுப்பும் ஒரு புட்டுக்குழலும் தெரிந்தன. பின்னாசனத்திற் கண்ணயர்ந்திருந்த பாட்டியார் விழித்துக்கொண்டார்.

"என்னடா அது, புட்டுக் கொழலா?"

"ஆமா அம்மாயி. சமையல் புத்தகம் கிழிஞ்சு போச்சு. எத மொதல்ல போடணும்னு நாமதான் கண்டுபிடிக்கணும்."

"இதுக்குப் புத்தகம் வேறயா? அடியில ஓட்டைத் தட்டப் போடு. பொறகு தேங்காப்பூ, பொறகு மாவு. அமுக்கிடாத, ஆவி ஏறாது."

ஐந்து நிமிடத்தில் பேரனும் பாட்டியும் ஒரே திரையின்மீது தலை கவிழ்ந்திருந்தனர். பக்கத்திலிருந்த நண்பன்தான் சலித்துக்கொண்டான்: "பந்து இல்லை, சண்டை இல்லை. இதையெல்லாம் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?"

இளைஞனின் கேள்வி அலட்சியமாகக் கேட்கப்பட்டதாயினும் அற்பமானதன்று. வருடந்தோறும் புதுப் பதிப்பாக வெளிவரும் உதைபந்தாட்டமும் போர்க்களமும் விற்பனையில் முன்நிற்கும் ஒரு தொழிலில், புட்டு அவிப்பதையும் தாய்மொழி மறப்பதையும் பொருளாகக் கொண்ட விளையாட்டுக்கு இடமுண்டா? உண்டாயின், எந்தக் கருவியில்?

இவற்றிற் பழக்கமில்லாத பெரியோர்க்காக ஒரு சிறு விளக்கம். வீடியோ விளையாட்டுக்கென்றே செய்யப்படும் கருவியைக் கொன்சோல் என்பர். சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசொப்டின் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவின் ஸ்விட்ச் ஆகியன இன்று பெயர் பெற்றவை. எந்தக் கம்பெனியின் இசைத்தட்டும் எந்தக் கிராமபோனிலும் பாடும், விளையாட்டு அவ்விதமன்று. ஒரு கருவிக்கென ஆக்கப்பட்டது இன்னொன்றில் ஓடுவதற்கு மீண்டும் திருத்தி அமைக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சந்தை, தனிக் கடை, தனிப்பட்ட இரசிகர் கூட்டம்.

அம்மாயியை விழிக்கச் செய்த விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. தளை தட்டாமல் எழுதும்படி ஆசிரியர் வதைத்த செய்யுள் வகைதான் மாணவர்களுக்கு நினைவு வரும். இங்கே அது கதாநாயகியின் பெயர். கனடாவின் டொரொண்டோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு நிறுவனம், அபி என்ற தமிழ் இளைஞரின் கற்பனையை ஆதாரமாகக் கொண்டு இதனை ஆக்கியது. 2023 ஜூலை 31ஆந் திகதி கணினி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகிய யாவற்றிலும் ஒரே நாளில் இது வெளியாயிற்று.

கதை 1988இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டை விட்டுக் கனடாவில் குடியேறிய வெண்பாவும் கணவன் பாவலனும் குளிரோடும் வேலையில்லாத் திண்டாட்டத்தோடும் போராடுகின்றனர். கவின் என்றொரு மகன் பிறக்கிறான். தாய்வீட்டிலிருந்து வெண்பா கொண்டுவந்த செல்வம் ஒரு பழைய சமையற் குறிப்பேடு. அதன் தாள்கள் கிழிந்தும் மை கரைந்தும் கிடக்கின்றன. அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்டலித் தட்டுகளை ஆவி ஏறும்படி அடுக்குவதும் புட்டுக்குழலை நிரப்புவதும்தான் ஆடுவோரின் பணி. எதிரி என்று எவருமில்லை. தவறினால் மாவு வீணாகும், மீண்டும் தொடங்கலாம்.

ஆயினும் சமையலைக் காட்டிலும் உயர்ந்த ஓர் உத்தி இதில் இருப்பதாக நாம் கருதுகிறோம். கவின் வளர வளரத் தமிழ் அவனை விட்டு விலகுகிறது. தாய் விரைந்து பேசும்போது, அவனுக்கு விளங்காத சொற்கள் திரையில் மங்கிப் போகின்றன. நாவலாசிரியன் ஒரு பக்கம் எழுதி உணர்த்த வேண்டிய வேதனையை, மங்கும் நான்கு எழுத்துகள் உணர்த்திவிடுகின்றன. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்துசேர்ந்த கோப்பித் தோட்டத்து முன்னோரின் வழிவந்த குடும்பங்களுக்கு, பிள்ளையின் பேச்சு மாறுவது என்ன என்பதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும் இச்சிறு ஆக்கம், 2024 மார்ச்சில் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைசிறந்த பரிசையும், ஏப்ரலில் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்கு வழங்கும் விருதையும் வென்றது. சமையலறைத் தமிழ் அவ்வளவு தூரம் போயிற்று.

பரிசு கிடைத்தால் இரசிகர் கிடைத்ததாகிவிடுமா? இல்லையென்பதற்கு ஜப்பானில் ஓர் ஓநாயின் கதை இருக்கிறது.

ரிவர்ஸ்டனில் நின்று இருபுறமும் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒரு சரிவு பனியிலே தோய்ந்த காடு. மறுசரிவில் சிறிது தூரம் இறங்கினால் பிட்டவலப் பத்தனையின் குட்டைப் புல்வெளி. மலை ஒன்றுதான், ஆனால் இங்கே தழைக்கும் செடி அங்கே தலைகாட்டாது. விளையாட்டுக் கருவிகளின் உலகமும் ஏறக்குறைய இவ்விதமே.

2006இல் கப்கொம் நிறுவனத்தின் குளோவர் என்னும் பிரிவு, பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு ‘ஓகாமி’ என்ற விளையாட்டை வெளியிட்டது. சூரிய தேவதையான அமத்தெராசு வெள்ளை ஓநாய் உருவில் உலாவுகிறாள். திரை முழுவதும் மைத்தூரிகையால் தீட்டிய பழஞ்சித்திரம் போன்றது. இடையில் ஆட்டத்தை நிறுத்தித் தூரிகையை எடுக்கலாம்: வானில் ஒரு வட்டம் வரைந்தால் சூரியன் உதிக்கும், ஒரு கோடு கிழித்தால் பகைவன் துண்டாவான். விமர்சகர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். மக்களோ வாங்கவில்லை. அந்தக் கருவியின் ஆயுள் முடியும் காலம் அது. அவ்வாண்டு நவம்பரிலேயே பிளேஸ்டேஷன் 3 வந்துவிட்டது. 2007இல் குளோவர் மூடப்பட்டது. புகழைச் சோற்றில் பிசைந்து உண்ண முடியாதல்லவா?

2008இல் ஓநாய் நின்டெண்டோவின் ‘வீ’ கருவிக்குக் குடிபெயர்ந்தது. கையிலுள்ள கோலைத் திரையை நோக்கி அசைக்கும் கருவி அது. தூரிகைக்கு அதனினும் பொருத்தம் வேறென்ன? ஆயினும் அங்கும் பெருவிற்பனை வாய்க்கவில்லை. பிறகு 2012இல் பிளேஸ்டேஷன் 3, 2017இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி, 2018இல் விரலாலேயே திரையில் வரையக்கூடிய ஸ்விட்ச் என்று அது வீடு மாறிக்கொண்டே சென்றது. ஒவ்வொரு வீட்டிலும் சிலர் அதனைக் கண்டு அதிசயித்தனர். கண்டவர் பிறர்க்குச் சொன்னார்கள். முடிவில், 2024 டிசம்பரில், முதல் விளையாட்டை நெறிப்படுத்திய கமியா ஹிதெகியின் தலைமையில் இரண்டாம் பாகம் வருமென்று அறிவிக்கப்பட்டது. இடையில் கழிந்தவை 18 ஆண்டுகள்! இரசிகர் கூட்டம் வந்துசேர்ந்தது உண்மை. அதனை ஆக்கிய கூடம் அதற்குள் இல்லாமற் போயிற்று என்பதும் உண்மை.

இதற்கு நேர்மாறானது வாத்தின் அதிர்ஷ்டம். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ‘ஹவுஸ் ஹவுஸ்’ என்ற சிறு குழுவினர், தமக்குள் அனுப்பிக்கொண்ட ஒரு வாத்தின் படத்தைக் கண்டு சிரித்தார்கள். அச்சிரிப்பிலிருந்து ஒரு விளையாட்டு உருவாயிற்று. அமைதியான ஓர் ஆங்கிலக் கிராமம். தோட்டக்காரரின் சாவியைத் திருடுவதும், பையனை அலற வைத்து ஓடச் செய்வதும், தொப்பியைக் கவ்விக் குளத்தில் எறிவதுமே வாத்தின் தொழில். 2019 செப்டெம்பரில் ஸ்விட்சிலும் கணினியிலும், டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றிலும் வெளிவந்து, அவ்வாண்டு முடிவதற்குள் 10 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று.

ஓநாய் தடுமாறிய இடத்தில் வாத்து எவ்வாறு நீந்திற்று? ஓகாமியை விளக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். ஆடி முடிக்கவோ பல நாட்கள் வேண்டும். வாத்தின் குறும்பை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். பார்ப்பவனும் உடனே சிரிப்பான். அன்றியும் ஸ்விட்ச் தொலைக்காட்சியோடும் சேரும், மடியிலும் இருக்கும். கூடத்தில் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து பார்த்துச் சிரிப்பதற்கு ஏற்றது. விநோதமாயிருப்பது ஒரு விளையாட்டுக்குக் கேடு செய்வதில்லை என்பது நமது அபிப்பிராயம். பார்த்த மாத்திரத்தில் புரியாத விநோதம் எளிதில் எட்டும் கருவியில் இல்லாதுபோனால்தான் கேடு.

எளிதில் எட்டச் செய்வதற்கு இப்பொழுது ஒரு புது வழியும் உண்டு. மைக்ரோசொப்ட் நடத்தும் ‘கேம் பாஸ்’ ஏறக்குறைய ஒரு சந்தா வாசிகசாலை. மாதந்தோறும் பணம் கட்டுவோர் அதிலுள்ள விளையாட்டுகளைத் தனி விலையின்றி எடுத்து ஆடலாம். ‘வெண்பா’ வெளியான நாளிலேயே அதில் வைக்கப்பட்டது. ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு 15 டொலர் கொடுக்கத் தயங்குகிறவனும் வாசிகசாலைத் தட்டிலிருந்து எடுத்துப் பார்ப்பான். பிடிக்காவிடில் திருப்பி வைப்பான். குறுகிய, விசித்திரமான ஆக்கங்களுக்கு இது பெரியதொரு வாயில்.

ஆனால் எல்லா வாயிலிலும் காவலர் உண்டு. ஒரு கொன்சோலுக்கு விளையாட்டை அமைப்பதாயின் அந்நிறுவனத்தின் அனுமதியும், ஆக்குவோர்க்கென உள்ள தனிக் கருவியும் வேண்டும். பின்னர் வருவது பரீட்சை: ஆடும்போது கைப்பிடியின் இணைப்பு அறுந்தால் ஆட்டம் நிற்கிறதா, சேமித்த இடம் பத்திரமாயிருக்கிறதா, கருவி வேகம் குறைந்து திணறுகிறதா என்றெல்லாம் சோதித்த பின்னரே கடைத் தட்டில் இடங்கொடுப்பர். விற்ற பணத்தில் பொதுவாக நூற்றுக்கு 30 வீதம் கடைக்காரருக்கு. மூன்று கொன்சோலெனில் இப்பாடு மூன்று முறை. பூனாவிலுள்ள ‘நொடிங் ஹெட்ஸ்’ குழுவினர், தம்பியைத் தேடிச் செல்லும் ‘ராஜி’ என்ற சிறுமியின் கதையை இராஜஸ்தானக் கோட்டைகளும் நிழற்பாவைக் கூத்தும் கலந்து ஆக்கினர். 2017இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்ட அவர்கள் செய்த முயற்சி தோல்வியடைந்தது. மனந்தளராது 2020 ஆகஸ்டில் முதலில் ஸ்விட்சில் மாத்திரம் வெளியிட்டு, ஒக்டோபரில்தான் ஏனைய கருவிகளுக்குச் சென்றார்கள். சிறு குழுவினர்க்கு ஒரு படி ஏறி மூச்சு வாங்கி மறுபடி ஏறுவதே புத்திசாலித்தனம்.

இனி நமது வீட்டுக்கு வருவோம். புட்டும் தமிழும் உலக மேடையில் பரிசு பெற்றாலும், அதனை இலங்கையிலுள்ள ஒரு குடும்பம் கொன்சோலிலே முறைப்படி வாங்குவது சுலபமன்று. இதற்கு 2024 மே மாதத்தில் ஒரு சான்று கிடைத்தது. ‘ஹெல்டைவர்ஸ் 2’ என்ற விளையாட்டைக் கணினியில் ஆடுவோரும் பிளேஸ்டேஷன் கணக்கு வைத்திருத்தல் வேண்டுமென்று சோனி அறிவித்தது. அக்கணக்கைத் தொடங்க வழியில்லாத 170க்கு மேற்பட்ட நாடுகளில் விற்பனை நிறுத்தப்பட்டது. இலங்கையும் அவற்றுள் ஒன்று. எதிர்ப்புக் கிளம்பியதால் நிபந்தனை சில நாட்களிலேயே கைவிடப்பட்டதாயினும், அந்தக் கடையின் கதவு எத்தனை நாட்டாருக்கு மூடியிருக்கிறது என்பது வெளிச்சமாயிற்று. மாமனோ மாமியோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிவைத்தால்தான் நமது பிள்ளைகள் கையில் இவை சேருகின்றன. அவர்களை எந்த நாட்டு இரசிகராக அந்நிறுவனங்கள் கணக்கில் எழுதுகின்றனவோ! எழுதாத இரசிகருக்காக எவரும் விளையாட்டு ஆக்கமாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

ஆதலின், ஏலக்காய்த் தோட்டத்தையோ கொழுந்துக் கூடையையோ மூடுபனியில் வழிதவறிய பள்ளிக்கூடத்து வண்டியையோ விளையாட்டாக்கிப் பார்க்க விரும்பும் மாணவர் எவரேனும் இருந்தால், கொன்சோலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணினியிலிருந்து தொடங்குதல் நலம். ‘கோடோ’ என்னும் ஆக்கக் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. ‘இட்ச்’ என்ற இணையக் கடையில் விளையாட்டை வைப்பதற்குக் கட்டணமில்லை. விலையை ஆக்கியவரே தீர்மானிக்கலாம். பெரிய கடையான ‘ஸ்டீம்’ ஒரு விளையாட்டுக்கு 100 டொலர் கேட்கிறது. விற்பனை 1,000 டொலரை எட்டினால் அத்தொகை திரும்பக் கிடைக்கும்.