சார்பு நிரலாக்கத்தில் நிறச்செறிவு நிலப்படம்

நிறச்செறிவு நிலப்படம் என்பது மாவட்டம், வட்டம், ஊராட்சி போன்ற பகுதிகளை அவற்றின் புள்ளிவிவர மதிப்புக்கு ஏற்ப வெளிர் நிறம் முதல் அடர் நிறம் வரை தீட்டிக் காட்டும் நிலப்படமாகும். ஆங்கிலத்தில் இது கொரோபிளெத் எனப்படும். பகுதி, திரள் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை இது. இவ்வகைப் படங்களை ஹாஸ்கெல், குளோஜர் போன்ற சார்பு நிரலாக்க மொழிகளில் உருவாக்கும் முறையை இக்கட்டுரை தூத்துக்குடி மாவட்டத்தையும் அதன் கடற்கரை ஊரான குலசேகரன்பட்டினத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வரலாறு

பிரான்சு நாட்டின் சார்லசு டூப்பின் 1826-இல் அந்நாட்டின் கல்வி நிலையை மாவட்டவாரியாகக் கருமைச் சாயலின் செறிவால் காட்டினார். இதுவே இவ்வகையின் முதல் படமாகக் கருதப்படுகிறது. 'கொரோபிளெத்' என்ற பெயரை அமெரிக்கப் புவியியலாளர் சான் கிர்ட்லாண்டு ரைட் 1938-இல் சூட்டினார்.

சார்பு நிரலாக்கத்தின் வேர்கள் 1958-இல் சான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழி வரை செல்கின்றன. ஏரண அறிஞர் ஹாஸ்கெல் கர்ரியின் பெயரைத் தாங்கிய ஹாஸ்கெல் மொழியின் முதல் வரையறை 1990-இல் வெளியானது.

அடிப்படைக் கருத்து

கணிதத்தில் ஒரு சார்புக்கு ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் ஒரே விடைதான் வரும். சார்பு நிரலாக்கத்தில் நிரலும் இத்தகைய சார்புகளின் கோவையாக எழுதப்படுகிறது. மூலத்தரவு எங்கும் மாற்றப்படுவதில்லை. ஒவ்வொரு படியிலும் புதிய தரவு உருவாகிறது. நிறச்செறிவு நிலப்படத்தைப் பின்வருமாறு ஒரே வரியில் எழுதலாம்:

படம் = வரை ∘ நிறமிடு ∘ வகுப்பிடு ∘ விகிதமாக்கு ∘ இணை

சார்புச் சேர்க்கை வலமிருந்து இடமாகச் செயல்படும். முதலில் எல்லைக்கோடுகளும் புள்ளிவிவரமும் இணைக்கப்படுகின்றன. இறுதியில் படம் வரையப்படுகிறது. ஒரு பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின்மீதும் ஒரு சார்பைச் செலுத்தும் செயலுக்கு இம்மொழிகளில் 'மேப்' என்றே பெயர். பகுதிகளின் பட்டியல்மீது 'நிறமிடு' என்ற சார்பை 'மேப்' செய்தால் நிலப்படத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

எல்லைகளை இணைத்தல்

முதல் சிக்கல் இணைப்பில் எழுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டு வட்டங்கள் இருந்தன. பின்னர் கயத்தாறு, ஏரல் ஆகியவை உருவாகி எண்ணிக்கை பத்தானது. இன்றைய எல்லைக்கோப்பில் 2011 தரவை இணைத்தால் இவ்விரு வட்டங்களுக்கும் மதிப்பு கிடைக்காது. பழைய வட்டங்களுக்குப் பெயர் பொருந்தினாலும், பிரிந்துபோன கிராமங்களின் மக்கள்தொகை பழைய கணக்கிலேயே இருக்கும். மாநில அளவிலும் இதே நிலைதான்: 2011-இல் 32 மாவட்டங்கள், இன்று 38.

கவனமற்ற நிரல் மதிப்பில்லாத இடத்தில் சுழியத்தை வைத்துவிடும். படத்தில் அவ்வட்டம் ஆளே இல்லாத பகுதிபோல் வெளிறித் தெரியும். ஹாஸ்கெலில் தேடலின் விடை 'மேபி' என்ற வகையில் வருகிறது; அதாவது 'இம்மதிப்பு உண்டு' அல்லது 'ஒன்றும் இல்லை'. இரண்டாவது நிலைக்கு என்ன செய்வது என்பதை நிரலர் முடிவுசெய்தாக வேண்டும். வழக்கமாக அப்பகுதிக்குச் சாம்பல் நிறம் தந்து 'தரவு இல்லை' எனக் குறிப்பர். ஆனால் எல்லை மாறியதை இந்த வகை கண்டுபிடிக்காது. அதற்குத் தரவு எடுக்கப்பட்ட ஆண்டின் எல்லைக்கோப்பையே பயன்படுத்த வேண்டும்.

ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் இணைப்பைக் குலைக்கும். தூத்துக்குடிக்கு ஆங்கிலேயர் காலத்து டூட்டிகோரின் உட்படப் பல வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. 2020 சூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணையை வெளியிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. எனவே பெயரைக் கொண்டு இணைப்பதைவிடக் கணக்கெடுப்புத் துறையின் குறியீட்டெண்ணைக் கொண்டு இணைப்பதே பாதுகாப்பானது.

ஆயத்தொலைவுகள்

எல்லைகள் பெரும்பாலும் ஜியோஜேசன் வடிவில் கிடைக்கின்றன. இதில் நெட்டாங்கு முதலிலும் அகலாங்கு பின்னரும் வரும். குலசேகரன்பட்டினம் ஏறத்தாழ கிழக்கு 78.05°, வடக்கு 8.4° இல் உள்ளது. இவ்விரண்டையும் இடம் மாற்றிப் படித்தால் ஊர் ஆர்க்டிக் பகுதியில், சுவால்பார்டு தீவுக்கூட்டத்தின் மேற்கே கடலுக்குள் போய்விடும். நெட்டாங்கு, அகலாங்கு இரண்டையும் வெறும் எண்களாக வைக்காமல் தனித்தனி வகைகளாக வரையறுத்தால், அதன்பின் நிரலுக்குள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தரும் பிழையை ஹாஸ்கெலின் நிரல்மாற்றி ஓடுவதற்கு முன்பே தடுத்துவிடும்.

தூத்துக்குடி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், இம்மாவட்டப் படத்தில் பாகைகளை நேரடியாக வரைந்தாலும் கிழக்கு மேற்கு அகலத்தில் ஏற்படும் பிழை ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். திரையில் செங்குத்து அச்சு கீழ்நோக்கி வளர்வதால் அகலாங்கின் குறியை மட்டும் மாற்ற வேண்டும்; இல்லையெனில் கோவில்பட்டி தெற்கிலும் திருச்செந்தூர் வடக்கிலும் தோன்றும்.

வகுப்பிடுதல்

மொத்த எண்ணிக்கையை நேரடியாக நிறமிடுவது தவறு. பெரிய பகுதியில் எதன் எண்ணிக்கையும் கூடுதலாக இருக்க வாய்ப்புள்ளது. ஆகவே பரப்பளவாலோ மக்கள்தொகையாலோ வகுத்து விகிதமாக்க வேண்டும்.

அடுத்து, விகிதங்களை வகுப்புகளாகப் பிரிக்க வேண்டும். 2011-இல் சதுர கிலோமீட்டருக்குச் சென்னையின் மக்களடர்த்தி 26,500-ஐத் தாண்டியது. நீலகிரியில் அது 300-க்கும் குறைவு. இந்த வீச்சை ஐந்து சம இடைவெளிகளாகப் பிரித்தால் ஒரு வகுப்பின் அகலம் 5,200-க்கு மேல் வரும். சென்னை நீங்கலான 31 மாவட்டங்களும் முதல் வகுப்பிலேயே அடங்கி ஒரே நிறத்தில் நிற்கும். மாறாக, ஒவ்வொரு வகுப்பிலும் ஆறு அல்லது ஏழு மாவட்டங்கள் வருமாறு பிரித்தால் வேறுபாடுகள் தெரியும். ஆனால் சென்னையும் கன்னியாகுமரியும் ஒரே நிறம் பெறும். எந்த முறையும் முழுமையானதன்று.

சார்பு நிரலாக்கத்தில் வகுக்கும் முறையே ஓர் உள்ளீடாகத் தரப்படலாம். ஒரு சார்பை மற்றொரு சார்புக்குக் கொடுப்பது இம்மொழிகளில் இயல்பு. எனவே மற்ற வரிகளைத் தொடாமல் இரு முறைகளிலும் படம் வரைந்து ஒப்பிடலாம்.

நிறத் தேர்வு

அடர்த்தி, எழுத்தறிவு போன்றவற்றுக்கு ஒரே நிறத்தின் வெளிர் முதல் அடர் வரையான வரிசை பொருந்தும். பாலின விகிதத்துக்கு 1,000-ஐ நடுவாகக் கொண்டு இருபுறமும் விரியும் இரு நிற வரிசை ஏற்றது. 2011-இல் தூத்துக்குடி மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,023 பெண்களும், மாநிலம் முழுவதற்கும் 996 பெண்களும் இருந்தனர். இவ்விரு மதிப்புகளும் நடுப்புள்ளியின் எதிரெதிர்ப் பக்கங்களில் விழும். நிறக்குருடு உள்ளவர்களுக்குக் குழப்பம் தரும் சிவப்பு, பச்சை இணையைத் தவிர்ப்பது நல்லது.

வரம்புகள்

குலசேகரன்பட்டினம் திருச்செந்தூர் வட்டத்தில் உள்ளது. வட்டவாரிப் படத்தில் கோயில் நகரான திருச்செந்தூருக்கும் இவ்வூருக்கும் ஒரே நிறம்தான். வட்டத்தின் சராசரியை அதிலுள்ள ஓர் ஊரின் நிலையாகப் படிப்பது இவ்வகைப் படங்களில் நேரும் பொதுவான பிழையாகும்.

இன்னொரு வரம்பு கடல். இவ்வூருக்கருகே 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் அமையும் இசுரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஏவுதளத்தால் ஏற்படும் மாற்றங்களைக் கிராமவாரியாக நிறமிட முடியும். ஆனால் மீனவர்கள் தொழில் செய்யும் இடமும், ஒரு காலத்தில் முத்துக்குளித்த பார்களும் எந்த வருவாய்க் கிராமத்திலும் சேராதவை. படத்தில் அவை வெறுமையாகவே இருக்கும். பிழையின்றி எழுதிய நிரலாலும் இதைச் சரிசெய்ய இயலாது. கடற்பகுதிக்குத் தனித் தரவும் தனி எல்லைகளும் தேவை.